சிஐடி டீச்சரும் இடம் மாறிய பாட்டில்களும்

வேதியியல் டீச்சருக்கு நாங்கள் வைத்த பெயர் சிஐடி. டீ கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சரித்திரம் எடுக்கும் நான் தலைவலி என்று வகுப்பை மாற்றிவிடக் கேட்டால், என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஆய்வகத்தில், சலவைச் சோடாவில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அமிலத்தை ஊற்றிவிட்டாள். பொங்கி வழிந்து பக்கத்துப் பெண்ணின் சீருடை ஓட்டையானது. விளையாட்டுக்குச் செய்தேன் என்று அவளே ஒப்புக்கொண்டாள். பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொன்னார்.

சிஐடிக்கு மனசு ஒப்பவில்லை. இவ்வளவு சுலபமாக எந்தப் பிள்ளை குற்றத்தை ஒத்துக்கொள்ளும்? ஆய்வக உதவியாளரைக் குடைந்தார். தூசி தட்டும்போது பாட்டில்களை இடம் மாற்றி வைத்துவிட்டேன் என்றார் அவர். உடனே ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பி, அமிலம் என்று சீட்டு ஒட்டி, தண்ணீர் பாட்டிலின் பழைய இடத்தில் வைத்தார் சிஐடி. அந்தப் பெண்ணைத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். அவள் சீட்டைப் பார்க்காமல் அதையே எடுத்தாள்.

"படிக்கத் தெரியாதா உனக்கு?"

"ஒவ்வொரு எழுத்தா தெரியும் டீச்சர். சேர்ந்து வந்தா குழம்பிடுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. குறும்புக்காரின்னே போயிடறேன்."

தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லி, பருவம் முடியும்வரை தவணை வாங்கினார் சிஐடி. அதற்குள் அவள் படித்தாக வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவர் மற்ற ஆசிரியர்களிடம் கேட்டது இவ்வளவுதான்: எந்தப் பாடமானாலும் முதலில் அன்றைய கடினமான சொற்களைப் பலகையில் பிரித்தெழுதி, வகுப்பு முழுவதையும் படிக்கவைக்க வேண்டும். நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். பாடத்தை முடிக்கவே மூச்சு முட்டுகிறது, இதில் இது வேறா? முணுமுணுத்துக்கொண்டே 'படையெடுப்பு' என்பதைத் துண்டாக்கினேன். கணக்கு வாத்தியார் 'நாற்கரம்' எழுதினார். வாயே திறக்காத பின்பெஞ்சுக்காரர்கள் சிலர் திக்கித் திக்கிப் படிக்கத் தொடங்கினார்கள். அவளும் என் பாடத்தில் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினாள். சிஐடி நம்பவில்லை, மனப்பாடமாக இருக்கும் என்றார்.

பருவத்தின் கடைசி நாள், தலைமையாசிரியரையும் என்னையும் வைத்துக்கொண்டு அவளிடம் ஒரு பாட்டிலை நீட்டினார்.

"தண்ணிதான். ஊத்து."

அவள் பாட்டிலைத் திருப்பி, சீட்டின்மேல் விரலை மெல்ல ஓட்டினாள்.

"நீர்த்த கந்தக அமிலம்னு எழுதியிருக்கு. நீங்களே சொன்னாலும் ஊத்த மாட்டேன் டீச்சர்."

தலைமையாசிரியர் அவளை வகுப்புக்குப் போகச் சொன்னார். சிஐடி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமிலப் புகை என்றார். பாட்டிலை யாரும் திறக்கவே இல்லை. நான் நம்பவில்லை.