கையில் நிற்கிற லென்ஸ்

அன்று காலை குளக்கரையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவள் தம்பி. பரிசலில் மீன் பிடிக்கிறவர் ஒருவர். தண்ணீருக்குள், அறுபது எழுபது தப்படி தள்ளி, தாமரை இலைமேல் ஓர் இலைக்கோழி.

நான் லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்கிறவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைகளைப் படம் எடுப்பேன். இடது முன்கையில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கின் சாவி தெறித்து அடித்த அடி.

மச்சினன் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவன். அவன் கொடுத்த பழைய கேமராவும் முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸும்தான் என்னிடம் இருந்தன. முந்நூறில் இலைக்கோழி ஒரு பொட்டு.

முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பொட்டுக்குக் கீழே ஏதோ தொங்கியது. படத்தைப் பெரிதாக்கினால் சாம்பல் கோடுகள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"தூண்டி நரம்பு சுத்தியிருக்குதுங்க" என்றாள் மனைவி.

இருக்கலாம். அந்த வாரம்தான் ஒரு முக்குளிப்பான் காலில் நைலான் நரம்பு சுற்றிச் செத்து மிதந்தது. பரிசல்காரரிடம் போய்ச் சொன்னோம். காலையில் பிடித்து அறுத்துவிடலாம் என்றார். பிறகு யோசித்தார்.

"குஞ்சு வெச்சிருந்தாப் போகக்கூடாதுங்க. றெக்கைக்குள்ள இடுக்கிக்கிட்டு நடக்கும். குஞ்சு காலுதான் வெளிய தொங்கும். பரிசல் கிட்டப் போனா உட்டுப்போட்டு ஓடிரும். காக்கா கொத்திப்போடும்."

"தாய்க்கோழி அப்படி ஓடுமாங்க?" என்றாள் மனைவி.

"அது சேவலுங்க அம்மணி. பொட்டை முட்டை வெச்சுப்போட்டுப் போயிரும். வளக்கறதெல்லாம் சேவல்தான்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

நரம்பு என்றால் போக வேண்டும். கால் என்றால் போகக்கூடாது. எதுவென்று தெரிய ஒரு நல்ல படம் வேண்டும்.

லென்ஸ் வாங்கும் யோசனை முன்பே இருந்தது. மச்சான் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மச்சினன் காந்திபுரத்தில் இரண்டை வாடகைக்கு எடுத்து வந்தான். பெரியது அறுநூறு, இரண்டு கிலோ. சின்னது நானூறு, ஒன்றேகால் கிலோ. சேற்றுக்கரையில் ஸ்டாண்டு புதையும். பறவையும் ஓர் இடத்தில் நிற்காது. கையில்தான் பிடிக்க வேண்டும்.

கை தாங்குமா என்று ஒரு வாரம் பார்த்திருந்தேன். இரண்டு பிளாஸ்டிக் குழாய்களில் மணலும் இரும்புத் தூளும் அடைத்து, இரண்டு லென்ஸின் எடைக்கும் நீளத்துக்கும் செய்துகொண்டேன். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து எண்ணுவேன்.

"ஏனுங்ணா, ராக்கெட் உடறீங்களா?" என்பார்கள்.

பெரிய குழாய் தொண்ணூறு எண்ணும்வரை நின்றது. பெரியதுதான் என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் மச்சினன் பெரியதை மாட்டிப் பார்த்தான். ஒன்பது மணிக்கு மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மைச் சடங்கு, படம் எடுக்க வேண்டும் என்று வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். கேமராவை அங்கும் இங்கும் திருப்பினான்.

"எங்க போச்சுக்கா?"

"அங்கயேதான்டா நிக்குது. நீ மானத்தப் பாத்துக்கிட்டு இருக்கற."

"உள்ள பாத்தா எல்லாம் எலையா இருக்குது."

"பொண்ணு மாப்பிள்ளைன்னா நில்லுன்னு சொல்லுவ. இதுகிட்டச் சொல்லு பாக்கலாம்."

என்னிடம் கொடுத்தான். எனக்குப் பறவை உடனே கிடைத்தது. ஆனால் அறுநூறுக்குத் திருகியதும் லென்ஸின் முன்பக்கம் வெளியே நீண்டது. பதினைந்து எண்ணுவதற்குள் தகட்டில் வலி. இலைக்கோழி கட்டத்துக்குள் குதித்தது. இருபது படம். இருபதும் கலங்கல்.

"ஷட்டர் வேகத்தக் கூட்டுங்க மச்சான்."

கூட்டினேன். மேகம் போட்டிருந்தது. படம் மணல் தூவியதுபோல் வந்தது.

தொண்ணூறு நின்ற கை பதினைந்தில் ஏன் ஆடுகிறது? எடை அதேதான். தராசில் வைத்துப் பார்த்தது.

மனைவி லென்ஸைக் குனிந்து பார்த்தாள். "உங்க கொழாயில மணலு எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல இருந்துச்சு. இது மூக்க நீட்டுதுங்க. கனமெல்லாம் அங்க போயிருது."

அதுதான். சக்கில் பிடித்த கம்பி வெளியே நீள நீள நுனி அதிரும். முப்பது வருஷம் கண்ணால் பார்த்தது. குழாய் செய்யும்போது தோன்றவில்லை.

சின்னதை மாட்டச் சொன்னேன்.

"நானூறு பத்தாது மச்சான். பொடிசாத்தான் உழும்."

"பொடிசா உழுகட்டும் மாப்ள. ஆடாம உழுந்தாப் போதும்."

இதுவும் கொஞ்சம் நீண்டது. ஆனால் கனம் உள்ளங்கையிலேயே நின்றது. உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். பரிசல்காரர் துடுப்பைப் பிடித்தபடி காத்திருந்தார். இலைக்கோழி ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்குக் கால் வைத்து நின்றது. அழுத்தினேன்.

மச்சினன் கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கினான். பறவை சிறியதுதான். கண் தெளிவாக இருந்தது. இன்னும் பெரிதாக்கிக் கீழே நகர்த்தினான். சாம்பல் கோடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டு. நுனியில் கோடு பிரிந்து, நீள நீளமாக விரல்கள்.

பரிசல்காரர் எட்டிப் பார்த்தார். "நரம்புக்கு வெரல் இருக்காதுங்க." பரிசலை மறுபடி கரையில் கவிழ்த்துப் போட்டார்.

மச்சினன் பெரிய லென்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். அது வேண்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை.

மனைவி கேமராவை வாங்கிக்கொண்டாள். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு காலாக எண்ணினாள். சந்தேகத்துக்கு இன்னொரு தரமும் எண்ணினாள். சேவலின் இரண்டையும் சேர்த்து,

எட்டு.