மாப்பிள்ளை ஆக்டிங்

மலாயாவில், கிள்ளானில் எங்கள் அப்பா துணிக்கடை வைத்திருந்த காலத்தில் 'ஆக்டிங்' என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். கப்பலில் வந்திறங்கும் நாடகக் கம்பெனி, கொட்டகை, அரிதாரம், ஹார்மோனியம். அப்பாவுக்கு இதில் எதுவுமே ஆகாது. அவருடைய தம்பி அப்படி வந்த ஒரு கம்பெனியோடு சிங்கப்பூருக்குப் போனவர்தான். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பெண் கேட்டு வந்தார் மாப்பிள்ளையின் அத்தை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "எங்க பையன் இப்ப ஸ்டேஷன் மாஸ்டரா ஆக்டிங் பண்றான், அண்ணே" என்றார் பெருமையாக.

அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஸ்டேஷன் மாஸ்டர் வேஷமா?"

"பெரியவரு ஊருக்கு லீவுல போயிருக்காரு. அவரு வர்ற வரைக்கும் இவன்தான் அந்த இடத்துல."

"நிஜ ஆளு வந்துட்டா?"

"இவன் இறங்கிடுவான்."

"கூத்தாடிக்கு என் வீட்டுல பொண்ணு இல்லம்மா."

அத்தைக்கும் இங்கிலீஷ் அவ்வளவுதான். ஆனால் கூத்தாடி என்ற வசவு நன்றாகவே புரிந்தது. முகத்தை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாப்பிள்ளையை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அம்மாவோடு கோலாலம்பூருக்குப் போகும்போது, வழியில், அத்தை வந்ததும் பேர் சொன்ன அதே சின்ன ஸ்டேஷனில் யாரோ ஒரு கிழவியின் கூடையிலிருந்து கோழி தப்பித்துவிட்டது. வெள்ளை உடுப்போடு பிளாட்பாரம் முழுக்க அதைத் துரத்தி, தொப்பியால் அமுக்கிப் பிடித்துக் கொடுத்தார் அவர். ரயிலே சிரித்தது. அவரும் சிரித்தார். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் முதுகுத்தோல் உரிந்திருக்கும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் டேக் அப், டேக் ஓவர், அண்டர்டேக் என்று உருப்போடும்போது, ஒரு வேலையை ஏற்றுக்கொள்ள வெள்ளைக்காரனுக்கு இத்தனை வார்த்தை எதற்கு என்று அலுத்துக்கொண்டவள் நான். அந்த வரிசையில் இன்னொரு வார்த்தையான ஆக்டிங் என் கல்யாணத்துக்கே உலை வைக்கும் என்று கண்டேனா! வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்பா, அது நாடகம் இல்ல. எங்க பெரிய டீச்சர் லீவு போட்டப்ப சின்ன டீச்சர் அவங்க இடத்துல ஆக்டிங்கா இருந்தாங்க. அடுத்தவங்க வேலையைக் கொஞ்ச நாளைக்கு ஏத்துக்கிறது."

அப்பா யோசித்தார். "அப்ப அது இரவல் உத்தியோகமா? கூத்தாடியே தேவலை, வேஷமாவது அவனோடது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே வந்து நின்றார், தனியாக. அத்தை போய் என்ன சொன்னாரோ, முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் வேர்வைதான். அப்பா நாற்காலியைக் காட்டினார்.

"தம்பி, வேலை எப்ப நிரந்தரமாகும்?"

"தெரியாதுங்க, ஐயா. பெரியவரு வந்துட்டா நான் பழையபடி டிக்கெட் கொடுக்கப் போயிருவேன்."

இப்படியா உண்மையைப் பேசுவது! அடுப்படியில் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்ப இந்த ஆக்டிங்குக்கு என்னதான் மரியாதை?"

"நாற்காலி அவரோடதுதாங்க. ஆனா இன்னிக்குச் சிக்னல் தப்பா விழுந்து ரெண்டு ரயில் மோதிக்கிட்டா, பதில் சொல்ல வேண்டியவன் நான். அதுல மட்டும் ஆக்டிங் கிடையாது, ஐயா."

அப்பா உள்பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டாம்மா" என்றார்.

நான் கொண்டுபோன காப்பியில் பாதி தட்டில்தான் இருந்தது. அவர் அதையும் விடாமல் குடித்தார்.