லாரியில் கட்டியிருந்த ஒற்றை ஷூ

1986 ஐப்பசி மழையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போனேன். ஊர் பார்க்க அல்ல, காயலான் கடைக்கு. வேண்டாமென்று வீசிய சாமான்களைப் பலகையில் ஒட்டி, வண்ணம் பூசிப் படம் செய்வது என் கிறுக்கு. பாண்டிச்சேரிக் கண்காட்சி ஒன்றில் முதல்முறையாக எனக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். சைக்கிள் செயின், உடைந்த ஹெட்லைட், தார்ப்பாய்க் கிழிசல் எல்லாம் பலகையில் ஏறிவிட்டன. நடுவில் மட்டும் எதை வைத்தாலும் எடுபடவில்லை. ஒரு வாரம்தான் பாக்கி.

ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸுக்கு நாலு ரூபாய். காலை எட்டுக்கு ஏறி ஒன்பதரைக்கு இறங்கினேன். ஜன்னலோரம் இடம் பிடித்த புண்ணியத்துக்கு வழியெல்லாம் குளியல்.

சென்னை ரோட்டுக் கடையில், முகப்பு நசுங்கிய லாரி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பம்பரில் திருஷ்டிக்காகக் கட்டிய குழந்தை ஷூ ஒன்று கம்பியில் தொங்கியது. என் படத்தின் நடு கிடைத்துவிட்டது! கடைக்கார பாயிடம் விலை கேட்டேன்.

"அதுக்கு இன்னாங்க காசு? எடுத்துக்கினு போங்க" என்றார்.

அறுத்துப் பையில் போடும்போது, மழையில் நனைந்தபடி ஒரு பெண் உள்ளே வந்தார். பாய் குரலைத் தாழ்த்தினார். "இத்த ஓட்டிக்கினு வந்தவரோட சம்சாரம். லாரி மோதுன எடத்துலயே அவரு போயிட்டாரு."

அந்தப் பெண் என் பையையே பார்த்தார். "அது எம் பொண்ணு ஷூ. அவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு நான்தான் கட்டி உட்டேன். எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவீங்க?"

படத்தின் நடுவில் பதிப்பேன், பாண்டிச்சேரியில் எல்லோரும் வந்து பார்ப்பார்கள் என்றேன். சொல்லும்போது பெருமையாக வேறு இருந்தது.

"வர்றவங்க போறவங்க கண்ணெல்லாம் அது மேல படுமே! பட்டது போதாதுங்களா? எனக்கு அந்தப் புள்ள ஒண்ணுதாங்க மிச்சம்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பையைத் திறந்தேன். எடுத்துக் கொடுத்தேன். எதிரே நிரம்பியிருந்த குட்டையில் அதை எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் பலகை நடுவில் காலியாகவே கண்காட்சிக்குப் போனது. முடிக்காத வேலை என்று வாசல் மூலையில் சாய்த்து வைத்தார்கள். பிறகு என்னை அவர்கள் கூப்பிடவே இல்லை.

இப்போது நான்குவழிச் சாலை. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மழைக்காலத்தைத் தவிருங்கள். காயலான் கடையில் தாராளமாகப் பேரம் பேசுங்கள், ஆனால் லாரி முகப்பில் கட்டியதைத் தொடாதீர்கள். அது வேண்டாமென்று வீசியது அல்ல.

ஷூவின் நிறத்தை நான் எங்கும் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். கண் படாமல் இருக்கட்டும்.