உப்பு டப்பா

வைஜெயந்தி அக்காவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து உப்பு கிடையாது. போர்ட் பிளேர் டெலானிபூரில் அவருக்கு எதிர் குவார்ட்டர்ஸில் நான் இருக்கும் பாவத்துக்கு அவருடைய புலம்பலெல்லாம் முதலில் என் காதில்தான் விழும்.

"கஞ்சியா இது? காகிதத்தை மெல்லற மாதிரி இருக்கு ரூபா."

அக்கா லிட்டில் அந்தமானில், ஓங்கே பழங்குடி மக்களின் குடியிருப்பில் பல வருஷம் நர்ஸாக இருந்தவர். பன்றி, மீன், தேன் என்று காட்டிலும் கடலிலும் தேடித் தின்கிறவர்கள் அவர்கள். அங்கே ஒரு பெரியவர். வயது அவருக்கே தெரியாது. அவருக்கு பிரஷர் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறெரியுமாம்.

"சின்னப் பசங்களுக்குக்கூட பிரஷர் அவ்வளவு நல்லா இருக்காதுடி. அவருக்குப் பாத்துட்டு நான் என் மாத்திரையைப் போட்டுக்குவேன்."

மீன் சுட்டால் அக்காவுக்கும் ஒரு துண்டு வரும். அவர்கள் அப்படியே தின்பார்கள். அக்கா மட்டும் பையிலிருந்து உப்பு டப்பாவை எடுப்பார். பெரியவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒருநாள் அவரும் கையை நீட்டினார். அக்கா ஒரு சிட்டிகை போட்டார். நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தவர், மறுநாளும் கையை நீட்டினார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்தக் கரைக்கு இன்னும் ஒரே ஒரு தடவை போகவேண்டும், அக்காவுக்கு வேறு ஆசையே இல்லை. டாக்டர் கப்பல் பயணம் கூடாது என்றுவிட்டார். லிட்டில் அந்தமானுக்குப் போகும் ஹட் பே கப்பல் ஊதினால் போதும், பால்கனிக்கு வந்து நின்றுவிடுவார்.

"அந்த மீன்னா உப்பில்லாமலே எனக்கு இறங்கும்டி."

போன வாரம் அந்தப் பெரியவரையே நெஞ்சுவலி என்று போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் குடியிருப்புக்கும் இப்போது ரேஷன் அரிசி, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் போகிறது. பின்னாலேயே பிரஷரும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அக்காவைப் பார்த்ததும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பத்தியச் சோறும் மீனும் தொடாமல் இருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அக்காவின் பையைத் தொட்டு மெல்லக் கேட்டார்.

"சிஸ்டர், நமக் ஹை?"

உப்பு இருக்கிறதா என்று கேட்கிறார். பையில் மாத்திரைகள்தான் இருந்தன.

"ஹம் பி நஹி காதா, தாதாஜி," நானும் தின்பதில்லை என்று சொல்லி, அக்கா மீனைப் பிட்டு அவருக்குப் பாதி கொடுத்துத் தானும் பாதி தின்றார். பெரியவர் மென்றார். முகத்தைச் சுளித்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா அழுதுகொண்டே வந்தார்.

"அன்னிக்கு உப்புக்குச் சுளிச்ச மூஞ்சிடி. இன்னிக்கு உப்பில்லாததுக்குச் சுளிக்குது."

இப்போதும் ஹட் பே கப்பல் ஊதுகிறது. பால்கனிக்கு அக்கா வருவதில்லை.