கதிர் விடாத கோதுமை

எங்கள் மாமாவுக்கு லாரி ஓட்டத் தெரியும். தோட்ட வேலை என்றால் காத தூரம் ஓடுவார். அம்மாவின் தம்பி. ஆப்பிள் லோடுக்காகக் காஷ்மீர் வரை போய்வருகிறவர், ஒரு கார்த்திகையில் கோதுமை விதை மூட்டையோடு கிணத்துக்கடவில் எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினார். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டுப் போர் கரைந்துகொண்டிருந்தது. தை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் செவலை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

"மாட்டுக்குச் சப்பாத்தி சுட்டுப் போடறதா உத்தேசமா, மாப்ளே?" என்று அப்பா சிரித்தார்.

"நீங்க கெணத்துத் தண்ணிய மட்டும் உடுங்க மச்சான்" என்றார் மாமா.

கோதுமை என்றால் எனக்குக் கதிர்தான். பாடப்புத்தகப் படத்தில் மஞ்சளாக நிற்குமே, அது. கதிர் வந்தால் செவலை தப்பிக்கும், வராவிட்டால் போச்சு என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகுமுன் வயலில் குந்தித் தண்டைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். மார்கழிப் பனியில் பாவாடை நனைந்ததுதான் மிச்சம். வந்ததெல்லாம் இலை. தையில் மாமா திரும்பிவந்து அரிவாளோடு இறங்கியபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க மாமா, கதிரு வாரதுக்குள்ள அறுத்துப்போட்டா எப்படீங்க?"

"அது வராது அம்மணி. அங்கெல்லாம் குளுருல பல மாசம் கெடந்து எந்திரிச்சாத்தான் கதிரு உடுமாம். நம்மூருக் குளுரு அதுக்கு எந்த மூலைக்கு?"

அட, தெரிந்தேதான் விதைத்தாரா! மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் நான் அழுததற்காக வரப்போரம் ஒரு கைப்பிடி அறுக்காமல் விட்டுவைத்தார். பங்குனி வெயிலில் கருகும்வரை அதுவும் கதிர் விடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், "கதிரறுப்பு எப்பங்க?" என்று கேட்டு அப்பாவின் வாயைக் கிண்டுவார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே, அறுத்த இடத்தில் துளிர்த்ததை மறுபடி அறுத்துப் போட்டார். செவலை தலைநிமிராமல் தின்றது. சித்திரையில் மழை வந்தது, சோளம் விதைத்தார்கள். சந்தைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பிள்ளையாருக்கு நான் போட்ட தோப்புக்கரணத்தின் பலன் என்று நம்பினேன்.

எனக்குக் கல்யாணமாகி, தாய்வீட்டுச் சீராக ஒரு கிடாரிக் கன்றை என் தம்பி ஓட்டிவந்து கட்டிய அன்று அம்மா சொன்னாள்: தன் கல்யாணச் சீராகச் செவலையையும் இப்படித்தான், கயிற்றைப் பிடித்து மாமா ஓட்டிவந்தாராம். அந்த மாட்டைச் சந்தையில் நிறுத்தினால் அக்கா எப்படித் தாங்குவாள் என்றுதான், கதிருக்குப் போகாமல் அறுக்க அறுக்கத் தழையாகவே துளிர்க்கிற விதையை அவ்வளவு தூரத்தில் தேடியிருக்கிறார். கதிரைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது எங்கே தெரிந்தது!