வெளுத்துப்போன முகம்

தலத்தெருவில் என் வீட்டிலேயே போட்டோ பிரிண்ட் போட்டுத் தருகிறேன். பிரிண்டரைத் தேர்ந்தெடுத்துத் தந்ததும், மை தீர்ந்தால் வந்து நிரப்புவதும், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் பள்ளித்தோழி கலாதான். “கம்பெனி மைதான்டி, ஒன்ன ஏமாத்துவேனா?” என்பாள்.

கடலில் கணவரைப் பறிகொடுத்த திருவேட்டக்குடி செல்விக்கு, அவருடைய படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“அக்கா, அவரு மொகமே வெளுத்துப்போச்சு பாருங்க.”

எனக்குக் கூசிப்போயிற்று. என்ன மை ஊற்றினாய் என்று கலாவிடம் கேட்டேன்.

“எல்லாருக்கும் லோக்கல் மைதான் ஊத்துறேன். நீ மட்டும் என்ன புதுசா கேக்குற?” என்றாள் சாதாரணமாக. நானும் அவளுக்கு அந்த ‘எல்லாரில்’ ஒருத்திதான் என்பது அன்றுதான் தெரிந்தது.

நல்லவேளை, படம் என் கணினியில் இருந்தது. பிரிண்டரைச் சுத்தம் செய்து, ஒரிஜினல் மையில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் சீல் பிரிக்காத பாட்டிலாகப் பார்த்து வாங்கி, நானே ஊற்றுகிறேன்.