பத்துக் கேள்விகளும் ஒரு கேள்வியும்

விளக்கம் கேட்காமல் ஒருவனைத் தண்டிக்கக் கூடாது. அவன் பதிலைப் படித்த பிறகே ஆணை எழுத வேண்டும். அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இந்த விதியை நான் மீறியதில்லை. வீட்டில் ஒருநாளும் பின்பற்றியதில்லை.

என் மகன் செல்வின் கெட்டிக்காரன். ஆனால் எதையும் முடிக்க மாட்டான். இருபத்தெட்டு வயதுக்குள் நான்கு வேலை போனது. 1996 ஜூனில் என் மனைவிக்கு நெஞ்சுவலி. மாத்திரை வாங்கப் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனவன், வழியில் யாருடைய ஸ்கூட்டரையோ பழுதுபார்க்க உட்கார்ந்துவிட்டான். அவன் வருவதற்குள் அவள் போய்விட்டாள். மாத்திரை வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். அதை மகனிடம் நான் சொல்லவில்லை. சொன்னது வேறு.

“ஒங்கம்மையக் கொன்னுட்டியேலே.”

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் திசையன்விளைக்கு, தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு டாக்டர் சொன்னதை எழுதி மன்னிப்பும் கேட்டேன். ஆனால் பழக்கம் விடவில்லை: எண் போட்ட பத்துக் கேள்விகள், ஏழு நாட்களுக்குள் பதில் தேவை. இப்படி ஒன்பது கடிதம். பதில் இல்லை. கோயிலில் முழங்காலிட்டு, “ஆண்டவரே, அவனைத் திருத்தும்” என்று மனுப் போட்டேன். அங்கிருந்தும் பதில் இல்லை.

மறுவருடம் ஆகஸ்டில் மைத்துனர் மகள் எஸ்தர் வந்தாள். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபி செய்கிறாள். அன்றாட வேலைகளில் தடுமாறுகிறவர்களுக்கு அவற்றைச் செய்ய வழி பழக்குவது. செல்வினை அங்கே டாக்டரிடம் காட்டியிருந்தாள். சிறு வயதிலிருந்தே இருக்கும் கவனக் குறைபாடு, திமிர் அல்ல என்று சொன்னாராம்.

“அத்தானுக்குக் கோவம் இல்ல மாமா. ஒங்க லெட்டர் எல்லாம் தலையணைக்கு அடியிலதான் கெடக்கு. பத்துக் கேள்வி கேட்டா, எங்கன தொடங்கன்னு முழிக்காவ. ஒண்ணு மட்டும் கேளுங்க.”

“ஒண்ணு கேட்டா எழுதிருவானாக்கும்?”

“வேலையத் துண்டு துண்டா வெட்டிக் குடுப்பேன். நீங்க பொறுத்திருக்கணும். அதுதான் கஷ்டம்.”

அன்று ஜெபத்தைத் திருத்தினேன். “ஆண்டவரே, என்னைத் திருத்தும்.” பிறகு ஒரே வரி எழுதினேன்: நல்லா இருக்கியாலே?

பத்து வாரம் கழித்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. ஆறு வரி. வரிக்கு ஒரு தேதி, வரிக்கு ஒரு மை. லெட்டரைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு கட்டி வைத்து, காலையில் ஒரு வரி மட்டும் எழுத எஸ்தர் பழக்கியிருக்கிறாள். கடைசி வரி: “அம்மை மாத்திரை இன்னும் என் சட்டைப்பையில இருக்குப்பா, வீட்டுக்கு வரலாமா?”

வந்தான். இப்போது ஸ்கூட்டர் பட்டறையில் வேலை. சாவிக்கு வாசலில் ஓர் ஆணி அடித்திருக்கிறோம். நான் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்கிறேன். இதைப் பார்க்க என் மனைவி இல்லை. அந்தத் துக்கம் ஆறவில்லை. ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளை பதில் சொல்லவில்லையா? ஆணை எழுதாமல் காத்திருங்கள், கர்த்தரிடம் கேளுங்கள். எனக்கு அவர் தந்த பதிலைத் தபால்காரர் கொண்டு வந்தது 1997 அக்டோபர் 14.